காற்றுக்கு நேர் கீழே

அந்த ஹாலில் காற்றுக்கும் மூப்பு உண்டு. யாரும் எழுதி வைத்த சட்டம் அல்ல. கணக்கு எண்களைக் கார்டுகளில் துளைகளாகப் போடும் பஞ்சிங் மெஷின்கள் வந்த காலத்தில், கூரையிலிருந்து நாலு மின்விசிறிகள் தொங்கின. மெஷின்களோ பன்னிரண்டு. வேலைக்கு முதலில் சேர்ந்த நாலு பெண்கள் விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தார்கள். மற்ற எட்டுப் பேர் சுவரோரமாக வியர்த்து வடிந்துகொண்டு, அந்த நாலில் ஒருத்தி எப்போது ஓய்வு பெறுவாள் என்று காத்திருந்தார்கள். திருவனந்தபுரத்து மே மாதத்தில் அப்படிக் காத்திருந்தவளுக்குத்தான் அந்த இடத்தின் அருமை தெரியும். சூப்பிரண்டு லீவில் போனால் வருகைப் பதிவேடு விசிறிக்குக் கீழே இருப்பவளின் மேஜைக்குத்தான் வரும். வயது கூடியவளாக இருந்தாலும் சுவரோரத்துக்காரி அவளை அக்கா முறையில் 'சேச்சி' என்றுதான் கூப்பிட வேண்டும்.

எழுபத்தேழு ஜனவரியில் ஏ.சி. வந்தது. பெண்களுக்காக இல்லை, கார்டுகளுக்காக. மழைக்காலத்து ஈரத்தில் கார்டுகள் ஊறி உப்பிப்போக, மேல்மாடியில் இருந்த கம்ப்யூட்டர் அவற்றைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தது. பெண்கள் இருபது வருஷம் வியர்த்தபோது வராத ஏ.சி., கார்டுகள் ஒரு மழைக்காலம் உப்பியதும் வந்துவிட்டது. ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்தார்கள். கூரைக்குக் கீழே இன்னொரு கூரை போட்டார்கள். விசிறிகளைக் கழற்றின அதே நாலு இடங்களில் காண்டிராக்டர் நாலு சதுரத் துவாரங்கள் வெட்டினார். ஏன் அங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. காற்று எப்போதும் அங்கிருந்துதானே வந்துகொண்டிருந்தது! மூத்தவர்கள் நாலு பேரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். பின்னே, கிடைத்த இடத்தை யாராவது விடுவார்களா?

மறு வருஷம் மே மாதக் கடைசியில் அந்த நாலு பேரில் வடிவாம்பாள் ஓய்வு பெற்றாள். அவள் இடத்துக்கு இரண்டு பேர் உரிமைக்காரிகள். ஒருத்தி உச்சிமாகாளி, இன்னொருத்தி தங்கபாய். இரண்டு பேரும் ஒரே தேதியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சுவரோரத்தில் மற்ற ஆறு பேரும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள்.

உச்சிமாகாளி போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளும் பிச்சம்மாளின் மகள். அந்த லயத்துக் குடியிருப்பில் ஆணிலும் பெண்ணிலும் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். பி.எஸ்ஸி. கணிதம். பேச்சில் பூச்சு என்பதே கிடையாது. 'பெயர் நீளமாக இருக்கிறதே, உமா என்று கூப்பிடலாமா' என்று கேட்ட டைப்பிஸ்டிடம், 'தாராளமாக, உங்கள் பெயரையும் எனக்குத் தோதாக ஒன்று மாற்றிக்கொள்கிறேன்' என்று சொன்னவள். அதற்குப் பிறகு அந்த அலுவலகத்தில் முழுப் பெயரும் எல்லாருக்கும் சுலபமாக வாயில் நுழைந்தது.

சூப்பிரண்டு பகவதிப்பெருமாள் நாகர்கோவில் பக்கத்துக்காரர். கெட்டவர் இல்லை, வம்பு வேண்டாம் என்று நினைக்கிறவர். ஆங்கில அகரவரிசையைப் பார்த்து, தங்கபாய் பெயர் முன்னால் வருகிறது என்று அவளுக்கு அந்த இடத்தைக் கொடுத்தார். மறுநாள் காலை உச்சிமாகாளியின் விண்ணப்பம் அவர் மேஜையில் இருந்தது. நாலு பக்கம். தான் சேர்ந்தது முற்பகல், தங்கபாய் சேர்ந்தது பிற்பகல் என்பதற்கு வருகைப் பதிவேட்டின் நகல். 'வெப்பம் மிகுந்த இந்த ஊரில் ஊழியருக்குக் குளிர்ந்த காற்று உரிமை, அதை எனக்கு மறுப்பது அநீதி' என்று கடைசிப் பத்தி. எழுத்தில் எது வந்தாலும் பகவதிப்பெருமாளுக்குப் பயம். சாயங்காலத்துக்குள் உத்தரவை மாற்றிவிட்டார்.

தங்கபாய் சண்டை போடவில்லை. தன் பையை எடுத்துக்கொண்டு சுவரோரம் திரும்பும்போது, "எல்லாம் அந்தப் பாறசாலை பஸ்ஸு சதிச்சது. டயர் வெடிக்காம இருந்தா நானும் முற்பகல்தான்" என்று சிரித்தாள்.

ஜூன் இரண்டாம் தேதி உச்சிமாகாளி துவாரத்துக்கு நேர் கீழே உட்கார்ந்தாள். உச்சந்தலையில் காற்று இறங்கியது. தோட்டத்து ஆபீஸ் வாசலில் அம்மாவோடு வெயிலில் நின்ற நாள்களெல்லாம் ஞாபகம் வந்தன. முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

அந்த ஜூனும் ஜூலையும் ஆகஸ்டும் அவளுக்குச் சாதாரண மாதங்கள் இல்லை. இரண்டு வருஷத் தகுதிகாண் காலம் ஆகஸ்டு முடிவில் தீர்கிறது. தங்கபாய்க்கும் அப்படித்தான். கடைசி மூன்று மாதமும் சேர்த்துப் பார்க்கையில் நூறு கார்டுக்கு இரண்டு தப்புக்கு மேல் போகக்கூடாது. போனால் வேலை நிரந்தரமாகாது. முந்தின வருஷம் இரண்டு பெண்களை வீட்டுக்கே அனுப்பினார்கள். தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டர், பிச்சம்மாளிடம், "உம் மக திரும்பி வந்தா சொல்லு, பிள்ளைகள விட்டுட்டுப் போற பிள்ளைக் காம்பராவுல ஆயா வேலை காலியா இருக்கு" என்று சொல்லியிருந்தான். அதை உச்சிமாகாளி மறக்கவில்லை. மறக்கிற ஜாதியும் இல்லை.

ஜூனில் தப்பு நூற்றுக்கு ஒன்று புள்ளி எட்டு. பரவாயில்லை. ஆனால் மழை வலுத்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வருவதற்குள் புடவைக் கொசுவம் முழங்கால் வரை நனைந்துவிடும். அந்த ஈரத்தோடு ஏழு மணி நேரம், ஒரு இடத்தில், காற்றுக்குக் கீழே. முதலில் மூக்கு ஒழுகியது. பிறகு வலது தோள்பட்டை இறுகியது. எண்களைத் தட்டுவதெல்லாம் வலது கை. பதினோரு மணிக்கு மேல் அந்தக் கையின் மோதிர விரலும் நடுவிரலும் தன்னுடையவைதானா என்று சந்தேகம் வந்தது. ஐந்தைத் தட்ட நினைத்தால் விரல் எட்டில் போய் விழுந்தது. விழுந்தது தெரிவதற்குள் கார்டு ஓட்டையாகி நகர்ந்துவிடும்.

ஜூலைக் கணக்கு வந்தது. இரண்டு புள்ளி ஒன்பது.

உச்சிமாகாளி நேராகச் சரிபார்க்கும் அறைக்குப் போனாள். அங்கே சேஷன் என்று கோட்டைக்குள் அக்ரகாரத்திலிருந்து வரும் மனிதர், துளை போட்ட கார்டுகளை மறுபடியும் அடித்துப் பார்ப்பார். தப்பு இருந்தால் அந்த எண்ணுக்கு நேர் மேலே கார்டின் விளிம்பில் ஒரு வெட்டு விழும். என் கார்டை மட்டும் ஏன் நோண்டுகிறீர்கள் என்று அவள் கேட்டாள். அவர் கோபப்படவில்லை. அவளுடைய ஒரு வாரத்துக் கார்டுகளை மேஜையில் பரப்பினார்.

"நீயே பாரும்மா. கார்த்தாலே ஒரு தப்பு கிடையாது. பதினொண்ணுக்கு மேலே ஆரம்பிக்கறது. சாப்பிட்டுட்டு வந்தா மறுபடி சரியாயிடறது. மூணரைக்கு மேலே திரும்பவும். எனக்கு உன்மேலே விரோதம்னா காலம்பறவும் இருக்குமோல்லியோ?"

அவள் பார்த்தாள். கணக்குப் படித்தவளுக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. தன் விரல்களைப் பார்த்தாள். நகக்கண் நீலமாக இருந்தது.

குளிர் என்று அவளால் யாரிடம் சொல்ல முடியும்? குளிர்ந்த காற்று உரிமை என்று நாலு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டது அவள்தானே. கோப்பில் இருக்கிறது. போதாததற்கு மலையிலிருந்து வந்தவள். போனக்காட்டுக்காரிக்குக் குளிரா என்று நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். மலையில் குளிர்ந்தால் கூடையைச் சுமந்து ஏறி இறங்குவார்கள், உடம்பு சூடேறிவிடும். இங்கே கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்து விரலை மட்டும் ஆட்டவேண்டும், இரண்டும் ஒன்றா என்று ஒவ்வொருத்தருக்கும் பாடம் நடத்திக்கொண்டிருக்க முடியுமா?

ஆகஸ்டு முதல் வாரத்தில் ஒருநாள், பதினோரு மணிக்கு விரல் மரத்ததும், கழிப்பறைக்கு என்று சொல்லி எழுந்தாள். வராந்தாவில் வெயில் தேடினாள். மழை மூட்டம். கட்டடத்தின் பின்பக்கமாகப் போனாள். அங்கே ஏ.சி. பிளாண்டின் வெக்கைக் காற்று ஒரு கம்பிவலை வழியாக வெளியே அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால், இரண்டு உள்ளங்கைகளையும் அடுப்புக்குக் காட்டுவதுபோல் விரித்துக்கொண்டு ஒருத்தி நின்றாள்.

கோமதியம்மாள். ஹாலிலேயே மூத்தவள். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். முதல் துவாரத்துக்குக் கீழே, தோளில் எப்போதும் ஒரு தேங்காய்ப்பூத் துண்டோடு இருப்பவள். புடவையில் மை படாமலிருக்கத் துண்டு என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தாள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பதறவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"வா. ஒனக்கும் வந்துட்டா?"

உச்சிமாகாளி பக்கத்தில் நின்று கையை நீட்டினாள். சூடு உள்ளங்கை வழியாக ஏறியது. அழுகை வரும்போல இருந்தது. அதற்குப் பதிலாகக் கோபம் வந்தது. எத்தனை நாளாக என்று கேட்டாள். ஏ.சி. வந்த மறுமாசத்திலிருந்து என்றாள் கோமதியம்மாள். மற்ற இரண்டு மூத்தவர்களும் இங்கேதான் வருவார்களாம். ஹாலில் யாருக்கும் சந்தேகம் வராதபடி பதினொன்று, பன்னிரண்டு, மூன்று என்று நேரம் பிரித்து வைத்திருந்தார்களாம். வடிவாம்பாளுக்குக் கடைசி வருஷம் கழுத்தே திரும்பவில்லையாம்.

"அப்ப நான் அந்த இடத்துக்காக மல்லுக்கு நிக்கும்போது உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டிருந்தீங்களாக்கா?"

"நான் சொல்லியிருந்தா நீ கேட்டிருப்பியாக்கும்? எடத்தத் தட்டிப் பறிக்கப் பாக்கான்னு எனக்கு எதிராயும் நாலு பக்கம் எழுதியிருப்ப."

அது உண்மை. உச்சிமாகாளி கைகளைச் சூட்டுக்கு இன்னும் கிட்டே நீட்டினாள்.

"பின்ன நீங்களாவது சூப்பிரண்டுகிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

கோமதியம்மாள் கைகளைத் திருப்பி, புறங்கையைக் காற்றுக்குக் காட்டினாள். "பதினாலு வருசம் செவத்தோரம் வேத்து நாறிக் கெடந்து கிட்டின எடம் மக்கா. குளிருதுன்னு சொன்னா, அப்ப நீங்க மாறிக்கிடுங்கன்னு சொல்லுவாரு. நேத்து வந்த பிள்ளை எனக்கு முன்னால வந்து இருப்பா. அதுக்கு இது பாதகமில்ல."

அன்று சாயங்காலம் ஆரியசாலையில் தான் தங்கியிருந்த வீட்டுக்கு நடக்கும்போது உச்சிமாகாளி யோசித்தாள். வழி ஒன்று சுலபமாக இருந்தது. தங்கபாய் தினமும் போகிற போக்கில், போதும்னா சொல்லு, நான் ரெடி என்று கேலி செய்துகொண்டே இருக்கிறாள். சரி, எடுத்துக்கொள் என்றால் போதும். பெருந்தன்மைக்காரி என்று பெயரும் வரும், தன் விரலும் பிழைக்கும், ஆகஸ்டும் பிழைக்கும். தங்கபாய் சிரித்துக்கொண்டே வந்து உட்காருவாள். அவளுக்கும் இதே ஆகஸ்டுதான். அவள் வீட்டில் அப்பா படுத்த படுக்கை.

மிளகாய் மண்டிகளைத் தாண்டுவதற்குள் அந்த யோசனை அவளுக்கே கசந்துவிட்டது. ரைட்டர் செய்கிற வேலை அது. பல்லைக் காட்டிக்கொண்டே குழி தோண்டுகிற வேலை.

மறுநாள் தங்கபாயைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னாள். விரல் மரத்துப்போவதையும் கார்டுகளில் தப்பு விழும் நேரங்களையும் சொன்னாள். கோமதியம்மாளைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. தங்கபாய் நம்பவில்லை. இடத்தை விட மனசில்லாமல் கதை கட்டுகிறாய் என்றாள்.

"எங்க ஊர்ல ஏ.சி.யில இருக்கணும்னா சினிமாவுக்குத்தான் போகணும், கேட்டியா. நினக்கு ஓசியில கிடைக்கும்போ குளிருதாக்கும்."

"அப்ப ஒரு நாள் இருந்து பாரு. ஒரே ஒரு நாள். நாளைக்குச் சேஷன் சார் கணக்கச் சொல்லட்டும்."

அன்று இடம் மாறி உட்கார்ந்தார்கள். பகவதிப்பெருமாள் தன் கண்ணாடி அறையிலிருந்து பார்த்தார். இரண்டும் சமாதானமாகிவிட்டன என்று நினைத்து நிம்மதியாகக் கோப்பைப் புரட்டினார். அந்தக் கண்ணாடி அறைக்குத் துவாரம் கிடையாது. அவர் ஒரு மேஜை விசிறியை வைத்துக்கொண்டு சட்டைக் காலரைத் தளர்த்தி உட்கார்ந்திருப்பார்.

பத்தரை வரை தங்கபாய் ராணிபோல் இருந்தாள். பன்னிரண்டுக்குச் சேலைத் தலைப்பைப் போர்த்தினாள். மூன்று மணிக்கு வலது கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு இடது கையால் கார்டுகளை அடுக்கினாள். மறுநாள் சேஷன் கணக்குச் சொன்னார். தங்கபாய்க்கு வழக்கமாக ஐந்நூறு கார்டில் ஆறு தப்பு. அன்று பதினேழு. சுவரோரம் உட்கார்ந்த உச்சிமாகாளிக்கு ஐந்து.

தங்கபாய் கேலி பேசவில்லை. "நீ பறஞ்சது சத்தியம். எனக்கு அது வேண்டாம்" என்றாள். பிறகு மெதுவாக, "நினக்கும் வேண்டாம் உச்சி" என்றாள்.

உச்சிமாகாளி பிளாண்டைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் வேலப்பனைப் போய்ப் பார்த்தாள். ஏ.சி.யைக் குறைக்க முடியாது, குறைத்தால் கார்டு உப்பும், தன் வேலை போகும் என்றான் அவன். ஆனால் துவாரத்துக்குக் கீழே ஒரு சாண் விட்டு ஒரு தகரத்தட்டைத் தொங்கவிட்டால் காற்று தலையில் விழாமல் கூரையோடு நாலு பக்கமும் பரவும். குளிர்ச்சி ஹாலுக்குள்தான் இருக்கும், ஒருத்தி தலையிலேயே கொட்டாது, பத்து நிமிஷ வேலை என்றான். இவ்வளவுதானா, ஏன் இதுவரை செய்யவில்லை என்று கேட்டாள்.

"ஆராவது எழுதித் தரணும். ஒண்ணரை வருஷமாயிட்டு குளிருதுன்னு ஒரு ஆளும் சொல்லல்லியே. நான் விசாரிச்சேன், எல்லாருக்கும் பரம சுகம்னு."

ஆகவே மறுபடியும் ஒரு விண்ணப்பம். இந்தத் தடவை அரைப் பக்கம். பகவதிப்பெருமாள் அதைப் படித்துவிட்டு, இழுப்பறையிலிருந்து பழைய நாலு பக்கத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இந்தா பாரும்மா, குளிர்ந்த காத்து உரிமைன்னு இதுல எழுதினதும் நீதான். குளிருதுன்னு இதுல எழுதினதும் நீதான். நான் எதை நம்புகது?"

"ரெண்டும் நான்தான் சார். அப்ப தெரியல, இப்ப தெரியுது."

"எடம் ஒத்துக்கிடலேன்னா விட்டுக்குடுத்துரு. அடுத்த ஆளைப் போட்டுருவோம்."

"இடம் எனக்குரியது. விடமாட்டேன். காத்துதான் சரியில்ல. நான் போனா அங்க வேற ஒருத்தி இருப்பா சார். அவளுக்கும் கைதானே இருக்கு."

அவர் நெற்றியைத் தேய்த்தார். நாலு இடத்தில் மூன்று பேர் வாயே திறக்கவில்லை, நீ ஒருத்தி மட்டும் சொன்னால் மேலே எப்படி எழுதுவது, வேறு யாராவது சொன்னார்களா என்று கேட்டார்.

உச்சிமாகாளியின் நாக்கு நுனி வரை வந்தது. கம்பிவலைக்கு முன்னால் நின்ற கைகள், நேரம் பிரித்த கணக்கு, தேங்காய்ப்பூத் துண்டு. சொன்னால் அந்த நிமிஷமே காரியம் முடியும். வாழ்க்கையில் அபூர்வமாக அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"அதை அவங்கவங்கதான் சொல்லணும் சார். நான் சொல்லமாட்டேன்."

அவர் எழுந்து ஹாலுக்கு வந்தார். மெஷின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. கோமதியம்மாள் மேஜைக்கு முன்னால் நின்று, இங்கே குளிர் அதிகமா, உங்களுக்கு ஏதாவது சிரமம் உண்டா என்று கேட்டார். சிரமம் ஒன்றும் இருக்காது என்று அவரே பதிலும் சொல்லித் திரும்பத் தொடங்கினார்.

கோமதியம்மாள் தோளிலிருந்த துண்டை எடுத்தாள். மடித்து மடியில் வைத்தாள். கண் உச்சிமாகாளி பக்கம் ஒரு தரம் போய் வந்தது. இந்தப் பெண் தன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்பது அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"குளிருது சார்" என்றாள். "சகிக்க முடியல. எடத்தை விட்டு எந்திரிக்கமாட்டேன். ஆனா குளிருது."

அதற்கப்புறம் மற்ற இரண்டு மூத்தவர்களும் பேசினார்கள். சுவரோரத்திலிருந்து யாரோ சிரித்தார்கள்; சிரித்தவளும் சீக்கிரமே நிறுத்திவிட்டாள். விண்ணப்பத்தில் நாலு கையெழுத்து ஆனது. பதினோராம் தேதி வேலப்பன் ஏணியோடு வந்து நாலு தகரத்தட்டுகளை மாட்டிவிட்டுப் போனான். அவன் சொன்னபடி பத்து நிமிஷம் இல்லை, அரை நாள் ஆயிற்று. ஒரு கார்டும் உப்பவில்லை. அன்றிலிருந்து உச்சிமாகாளியின் தப்பு நூற்றுக்கு ஒன்றாக இறங்கி அங்கேயே நின்றது.

ஆனால் ஆகஸ்டின் முதல் பத்து நாளை யாரும் திருப்பித் தர முடியாது. ஜூலையையும்தான். மாதக் கடைசியில் மூன்று மாதத்தையும் கூட்டி வகுத்தார்கள். இரண்டு புள்ளி ஒன்று.

பகவதிப்பெருமாள் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஜூலையில் தப்பு கூடியது காற்றால்தான் என்று தான் குறிப்பு எழுதியதாகவும், அதனால்தான் வீட்டுக்கு அனுப்பாமல் மூன்று மாதம் நீட்டித்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். தங்கபாய்க்கு நிரந்தரமாகிவிட்டது. அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அவள் உத்தரவை இரண்டு தரம் படித்தாள். காற்றைப் பற்றின குறிப்பு எந்த எண்ணில், எந்தத் தேதியில் கோப்பில் இருக்கிறது என்று கேட்டுக் கையில் எழுதிக்கொண்டாள். அதன் நகல் வேண்டும் என்றாள். தருகிறேன் என்றார்.

ஹாலுக்கு வந்தபோது தங்கபாய் அவள் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் சந்தோஷத்தை ஒளித்துவைக்கத் தெரியாமல் தவித்தாள். நிரந்தரமானவள் தகுதிகாண் காலத்துக்காரியைவிட மூத்தவள். ஹாலில் எல்லாருக்கும் அது தெரியும்.

"நீ இரி உச்சி. நான் ஒண்ணும் கேக்கல்ல."

"நீ கேக்கலன்னாலும் அது உனக்குத்தான்" என்றாள் உச்சிமாகாளி. பையை எடுத்துக்கொண்டாள். "ஓசியா ஒண்ணும் தரல. வேலப்பன் தட்டு மாட்டின பிறகுதான் எந்திரிக்கேன். நல்ல இடம். இரி."

சுவரோரத்து மெஷினில் போய் உட்கார்ந்தாள். முந்தின ஆளின் கார்டுக் கழிவுகளைத் தட்டிவிட்டாள். கோபம் இருந்தது. அது இருந்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு முதல் கார்டை நுழைத்தாள். அன்றைக்கு ஐந்நூற்றுப் பத்துக் கார்டு அடித்தாள். மறுநாள் சேஷன் வெட்டுப் போட்டுத் திருப்பி அனுப்பியது மூன்று.